தண்ணீர் கேட்காத பிள்ளை

மார்ச் 3, செவ்வாய்

முதல் நாளே சறுக்கல்.

இருபத்தேழு வருஷமாகக் காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பை என் பக்கம் திருப்ப ஒரே வழிதான் பழக்கம். பலகைத் தரையில் ஓங்கி ஒரு மிதி. அதிர்வு காலில் ஏறியதும் எல்லாத் தலையும் திரும்பும். அதையே இன்று, போரில் வீடிழந்த காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளின் முகாமிலும் செய்தேன். கண் மூடித் திறப்பதற்குள் ஏழு பிள்ளைகளும் மேஜைக்கு அடியில் இருந்தார்கள். காது கேட்கிற மற்ற ஐந்து பேரும் சத்தத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

குண்டு விழுந்தபோது இந்தப் பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்டிருக்காது. தரைதான் சொல்லியிருக்கும். இது ஏன் எனக்கு முன்னாலேயே தோன்றவில்லை? கற்பூர புத்தி என்று பெயர் வாங்கியவளாம் நான்!

நானும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம். முட்டி வலியில் உயிர் போனது. ஐம்பத்திரண்டு வயசில் இது எனக்குத் தேவைதான்.

மார்ச் 4, புதன்

இனிமேல் தரையை மிதிக்கக் கூடாது. மற்ற டீச்சர்கள்போல விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் கூப்பிடுவதும் கூடாது. யாரைக் கூப்பிட வேண்டுமோ அவர் எதிரே நடந்துபோய் நின்று கையசைக்க வேண்டும். நடந்து நடந்து செருப்பு தேய்கிறது.

இடம், மூடிக் கிடந்த துணித் தொழிற்சாலை. தையல் மெஷின்கள் இருந்த இடத்தில் வரிசையாக நான்கு நான்கு துளைகள். பிள்ளைகள் அதில் பட்டன் போட்டு விளையாடுகிறார்கள். கூட்டக் கூட்டப் பட்டன் வருகிறது என்கிறார் துப்புரவு அக்கா.

மார்ச் 9, திங்கள்

பன்னிரண்டு பேரில் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறவள் பச்சைச்சட்டை. எட்டு வயசிருக்கும். வந்த அன்று போட்டிருந்த சட்டையை வைத்து எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். காது கேட்காது, பேச்சு வராது, கையில் ஒரு காகிதம்கூட இல்லை. பதிவேட்டில் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

அழுவதில்லை. அடம் பிடிப்பதில்லை. உட்கார் என்றால் உட்கார்கிறாள். "எவ்வளவு சமத்து பாருங்க" என்கிறார் முகாம் பொறுப்பாளர். எனக்கு அந்தச் சமத்துதான் பயமாக இருக்கிறது. இவ்வளவு சொன்னபடி கேட்கிற எட்டு வயசுப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

அவள் கையில் ஒரே ஒரு சைகைதான் இருக்கிறது. கட்டைவிரலை உதட்டோரத்தில் வைத்துத் தாடைவரை இழுப்பாள். புருவம் மேலே ஏறும், கேள்வி கேட்பதுபோல. தண்ணீர்தான் கேட்கிறாள். ஆனால் கொச்சையாகக் கேட்கிறாள். கட்டைவிரல் உதட்டுக்கு வந்து, தம்ளர் சாய்வதுபோல மேலே சாய வேண்டும். தாடைப் பக்கம் போகவே கூடாது. வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பிடித்துத் திருத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

பச்சைச்சட்டையின் கை இன்று அச்சு வார்த்தது மாதிரி வந்தது. கட்டைவிரல், உதடு, சாய்ப்பு. ஒரு வாரத்தில்! பெருமையில் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பள்ளி வேனைக் கழுவிக்கொண்டே "வாத்தியாரம்மா கை பட்டா கல்லும் பேசும்" என்றார். கிண்டல்தான். இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

பச்சைச்சட்டை இன்று பதினோரு தம்ளர் குடித்தாள். வெயில் அதிகம்.

மார்ச் 24, செவ்வாய்

துப்புரவு அக்கா ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார். "டீச்சர், அந்தப் புள்ளைக்குச் சக்கரை வியாதி ஏதும் இருக்கா? என்கிட்ட கேக்குது, சமையல்காரர்கிட்ட கேக்குது, காவலாளிகிட்டயும் கேக்குது. நாள் பூரா தண்ணிதான். கக்கூஸ் வாசல்லயே குடியிருக்கு."

டாக்டரிடம் அனுப்பினேன். சக்கரை இல்லை, ஒன்றும் இல்லை. மன அழுத்தமாக இருக்கலாம் என்றார் டாக்டர். மன அழுத்தம் என்று எழுதிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அக்கா விடவில்லை. "எனக்குப் படிப்பு கிடையாது டீச்சர். ஆனா ஒண்ணு கேக்குறேன். தண்ணி கேன் அவ பாய்க்குப் பக்கத்துலயேதான் இருக்கு. தாகமா இருந்தா அவளே புடிச்சுக் குடிக்க மாட்டாளா? எதுக்கு நம்மகிட்ட வந்து கேக்கணும்? குடுத்தா வாங்கி வச்சுக்கிட்டு வாசலையே பாக்குது."

நானும் வாசலைப் பார்த்தேன்.

மார்ச் 26, வியாழன்

எழுதக் கை கூசுகிறது.

புதிதாக ஒரு பையனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டார்கள். கழுத்து நிற்காத பிள்ளை, வாயில் எச்சில் ஒழுகுகிறது. பச்சைச்சட்டை அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. பையன் முகத்தைப் பார்த்தாள். நின்றாள். பிறகு மெதுவாக அவன் உதட்டோரத்தில் கட்டைவிரலை வைத்துத் தாடைவரை எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

அதே சைகை. நான் திருத்திய அதே சைகை.

என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இவன் இல்லை. அப்புறம் கையைத் தூக்கி, நான் சொல்லிக்கொடுத்தபடி, கட்டைவிரல், உதடு, சாய்ப்பு. புருவம் மேலே.

அவ தண்ணியே கேக்கலை. ஒரு நாளும் கேக்கலை. தம்பியோ அண்ணனோ, யாரோ ஒருத்தன். எச்சில் ஒழுகுற பிள்ளை. இவ துடைச்சு விடுவா. அதுதான் அவன் பேர். அவன் எங்கேன்னு மூணு வாரமா கேட்டிருக்கா. நான் என்ன பண்ணினேன்? பேரைத் தப்புன்னு சொல்லி மாத்தி, தம்ளரைக் கையில குடுத்தேன். டீச்சர் ஊர்ல அவன் பேரை இப்படித்தான் சொல்லணும் போலன்னு நம்பி, அதையே ஊர் பூரா கேட்டிருக்கா. ஆளாளுக்குத் தண்ணி குடுத்திருக்காங்க. மறுக்காம குடிச்சிருக்கா. குடிச்சாத்தான் பதில் வரும்னு நினைச்சாளோ?

கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துப்புரவு அக்கா வெளியே நின்று, "மெதுவா வாங்க டீச்சர், நான் யாரையும் விடல" என்றார்.

மார்ச் 27, வெள்ளி

அவரிடம் சொன்னேன். கிளம்புவதற்காக எடுத்த வேன் சாவியைக் கீழே வைத்தார். பிறகு, "ஆக, சின்னப் பொண்ணுக்கு மூணு வாரமா தண்ணி காட்டியிருக்க" என்றார். வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இன்று அது எழுத்துக்கு எழுத்து உண்மை.

"சரி, யானைக்கும் அடி சறுக்கும். எழுந்து என்ன பண்ணப் போற?" என்றார்.

காலையில் பச்சைச்சட்டை முன்னால் தரையில் உட்கார்ந்தேன். என் தாடையில் அவள் சைகையை, அவள் செய்தபடியே செய்தேன். அவள் கண் என் கையிலேயே நின்றது. நான் என்னைச் சுட்டி, 'என் தப்பு' என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன். மறுபடி அவள் சைகை. புருவத்தை உயர்த்தி, எங்கே?

அப்புறம் ஒரு மணி நேரம் மழை கொட்டியது மாதிரி அவள் கைகள். எனக்குப் பாதிதான் புரிந்தது. உயரம் அவள் தோள் வரை, அப்படியானால் தம்பி. நடக்க மாட்டான், இடுப்பில் தூக்க வேண்டும். ஒரு வெள்ளை வண்டி, மேலே ஏதோ சுழல்கிறது. அதில் அவனைப் படுக்க வைத்தார்கள். இவளை ஏற்றவில்லை. இவள் நடக்கிறவள், இவளுக்குப் பேருந்து.

'ஊமை கண்ட கனவு' என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊமை கனவைச் சொல்லத்தான் செய்கிறாள். பார்க்கிறவளுக்கு அல்லவா கண் இல்லை.

மார்ச் 30, திங்கள்

பொறுப்பாளரிடம் போனேன். வண்டியில் ஏற்றும்போதே பிரித்துவிடுவார்களாம். காது கேளாதவர் ஒரு பக்கம், நடக்க முடியாதவர் ஒரு பக்கம். பராமரிக்க வசதி என்று பெயர். அக்கா தம்பி என்று யார் பார்த்தார்கள்?

"பேர் இல்லாம எப்படித் தேடுறது டீச்சர்? பட்டியல் பூரா பேர்தான். அதுவும் இதுங்ககிட்ட விசாரிக்கிறது செவிடன் காதுல ஊதின சங்கு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காதுவரை சிவந்தது அவருக்கு. நல்ல மனுஷன்தான், பழமொழி முந்திக்கொண்டது. "மன்னிச்சுக்குங்க. என்ன உதவி வேணும், சொல்லுங்க" என்றார்.

ஏழு மையங்களின் விலாசம் வாங்கினேன். ஏழுக்கும் ஒரே கடிதம்: பெயர் தெரியாது. ஐந்து ஆறு வயசு ஆண் பிள்ளை. நடக்க மாட்டான், பேச மாட்டான். ஆம்புலன்ஸில் வந்தவன். கூடவே பச்சைச்சட்டை அந்தச் சைகையைச் செய்கிற வீடியோ. 'தயவுசெய்து இதை அவனிடம் காட்டுங்கள். அவன் என்ன செய்கிறான் என்று மட்டும் எழுதுங்கள்.'

ஏப்ரல் 2, வியாழன்

மூன்று மையத்தில் இல்லை. நான்கில் இன்னும் பதில் இல்லை.

மனநல ஆலோசகர் சின்னப் பெண், என் மகள் வயசு. "அவகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க மேடம். கிடைக்கலைன்னா இன்னொரு தடவை உடைஞ்சிடுவா" என்றாள். நியாயம்தான். ஆனால் பச்சைச்சட்டை தினமும் என் போனைச் சுட்டிக் காட்டிக் கேட்கிறாளே. இல்லை என்று சொல்கிறேன். ஒன்றும் சொல்லாமல் தம்ளரை நீட்டுவதைவிட இல்லை என்பது மேல்.

ஏப்ரல் 7, செவ்வாய்

போன் வந்தது!

ஆறாவது மையம், பிசியோதெரபிஸ்ட். "மேடம், எங்ககிட்ட அந்த மாதிரி மூணு பசங்க. ரெண்டு பேர் வீடியோவைச் சும்மா பாத்தாங்க. மூணாவது பையன் பாத்ததும் நாற்காலியோட சாயுற அளவுக்குத் துள்ளிட்டான். சிரிக்கிறான், அழறான். அப்புறம் நாக்கை நீட்டுறான். புருவத்தைத் தூக்கி ரெண்டு தடவை நாக்கை நீட்டுவான். வந்த நாள்லேருந்து அதைத்தான் பண்ணிட்டிருந்தான்."

"நீங்க அதை என்னன்னு நினைச்சீங்க?" என்றேன்.

"பசின்னு நினைச்சு ஊட்டிக்கிட்டே இருந்தோம் மேடம். ஒரு மாசத்துல நாலு கிலோ ஏறியிருக்கான்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதோம். இங்கே தண்ணீர், அங்கே சாப்பாடு! அவனுக்குக் கை சொன்னபடி கேட்காது. அதனால் அக்காவை நாக்கால் கூப்பிட்டிருக்கிறான். அவள் பெயர் அதுதான். பதிவேட்டில் நாங்கள் கோடு போட்டு வைத்த பெயர்.

ஒரு சிக்கல். அவனை அடுத்த வாரம் தூரத்து விடுதி ஒன்றுக்கு மாற்ற உத்தரவு ஆகிவிட்டது. போனால் திரும்ப எடுப்பது கல்லில் நார் உரிப்பது. சொந்தம் என்று நிரூபித்தால் நிறுத்தலாம். காகிதம் ஏது?

ஏப்ரல் 8, புதன்

பொறுப்பாளர் அந்த மையத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த அதிகாரி, "நாக்கை நீட்டினா சொந்தமாயிடுமா சார்?" என்றாராம். நம் பொறுப்பாளர், "நேர்ல வர்றோம். நீங்களே கண்ணால பாத்துச் சொல்லுங்க" என்றார். எனக்கு அவரை அந்த நொடியே பிடித்துப்போனது. சங்கை மன்னித்தேன்.

ஏப்ரல் 11, சனி

வீட்டுக்காரரின் வேனில் போனோம். அவர், நான், ஆலோசகர், பச்சைச்சட்டை. நான்கு மணி நேரப் பயணம். எதற்குப் போகிறோம் என்று அவளிடம் சொல்லியாகிவிட்டது. ஆலோசகரும் ஒப்புக்கொண்டாள். 'அவன் மாதிரி ஒருவன் இருக்கிறான். அவனா என்று உனக்குத்தான் தெரியும்.' கேட்டதிலிருந்து அவள் ஒரு வாய் ரொட்டிகூடத் தின்னவில்லை.

அவனாக இல்லாவிட்டால்? இதே கேள்வியை வழி பூரா மென்றுகொண்டு வந்தேன். திரும்பும் வழியில் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நகத்தைக் கடிக்காத, விரலைக் காணோம்" என்றார்.

நீளமான அறை. ஜன்னல் ஓரம் மூன்று நாற்காலிகள். அவள் வாசலில் நின்றாள். நடு நாற்காலியில் இருந்த குண்டுப் பையன் தலையைச் சிரமப்பட்டுத் திருப்பினான். புருவம் ஏறியது. நாக்கு வெளியே வந்தது, ஒன்று, இரண்டு.

கட்டிப்பிடிப்பாள் என்று நாங்கள் எல்லோரும் கைக்குட்டையோடு நின்றோம். அவள் நேராகப் போய், கட்டைவிரலால் அவன் தாடையைத் துடைத்தாள். பிறகு அவன் வயிற்றை ஒரு குத்துக் குத்தி, கைகளால் திட்டு திட்டென்று திட்டினாள். எங்கே போனாய், என்ன தின்றாய், ஏன் இப்படி ஊதிவிட்டாய். கை பறக்கிறது, கண்ணீர் கொட்டுகிறது, திட்டு நிற்கவில்லை. அவன் உடம்பு மொத்தமும் சிரித்தது.

சொந்தமா என்று கேட்ட அதிகாரி, மேஜைக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மே மாதம் வரை மட்டும் எங்கள் முகாமில் சேர்ந்து இருக்கலாம். அதற்குப்பின் மேற்பார்வையாளர் முடிவு செய்வார்.

மே மாதம் வரை. சரி. முதலில் அதுவரை.

ஏப்ரல் 12, ஞாயிறு

தூங்கினேன்.

ஏப்ரல் 20, திங்கள்

இன்று பச்சைச்சட்டை சொன்னாள். யாரும் கேட்கவில்லை. தம்பியின் நாற்காலிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், என் முழங்காலைத் தட்டிவிட்டு ஆரம்பித்தாள். ஆலோசகர் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

அப்பா தெருவில் நின்று வா வா என்று கையசைத்தார். பிறகு அப்பா இருந்த இடத்தில் புகை. அம்மா தம்பியைத் தூக்கிவந்து இவள் மடியில் வைத்தாள். அவனுடைய மருந்தை எடுக்க உள்ளே போனாள். தரை அதிர்ந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் கூரை மாதிரி சாய்த்துப் பிடித்தாள், பிறகு தட்டையாக்கினாள். உள்ளங்கையில் ஊதினாள் – தூசி. வெகுநேரம் ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கைகளை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அங்கேயே இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிகிறது. யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சைகைகூட என் புத்தகத்தில் இருக்கிறபடி இல்லை. நான் ஒரு விரலைக்கூடத் திருத்தவில்லை. அவள் சொன்னதை அவள் கையாலேயே திரும்பச் சொல்லிக் காட்டினேன், சரிதானா என்று. இரண்டு இடத்தில் அவள் என்னைத் திருத்தினாள்.

பிறகு அந்த மத்தியானம், வெளிச்சத்தில், இத்தனை பேர் நடக்கும் இடத்தில், சக்கரத்தின் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். துப்புரவு அக்கா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மகள் போனில், "அம்மா, உன் குரலே மாறியிருக்கு, அங்க என்ன சொல்லிக்குடுக்குற?" என்றாள். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். காலையில் முதல் மணி நேரம் பிள்ளைகளுடையது. ஆளுக்கொரு வீட்டுச் சைகையைக் கொண்டு வருவார்கள். கண் தெரியாதவர்கள் தங்கள் தெருச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். என் சைகை மொழி இரண்டாவது மணி நேரம்தான் வரும். அதையும் கற்கிறார்கள், அது வேண்டும். ஆனால் வரிசை மாறிவிட்டது.

பச்சைச்சட்டை மேல் முதல் புகார். பட்டன் ஆட்டத்தில் கள்ளாட்டம் ஆடினாளாம், கேட்டவனைக் கிள்ளினாளாம். கூப்பிட்டுக் கண்டித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

மே 6, புதன்

மேற்பார்வையாளர் வந்தார். டை கட்டிய பெரியவர், கையில் இரண்டு கோப்பு. விதிப்படி அக்காவுக்குக் காது கேளாதோர் பள்ளி, தம்பிக்கு வேறு விடுதி. நான் வேலை பார்த்த காது கேளாதோர் பள்ளி இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது, வாசலில் சாய்தளம்கூடப் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"இந்தப் பையனுக்குப் பேச்சே கிடையாதுன்னு எழுதியிருக்கே. காது கேளாதவங்க பள்ளியில இவனுக்கு என்ன வேலை?" என்றார்.

பதில் சொல்வதற்குள் அறையின் நடுவிலிருந்த தம்பி, புருவத்தைத் தூக்கி நாக்கை நீட்டினான். பச்சைச்சட்டை சுவரைப் பார்த்துப் பட்டன் அடுக்கிக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. உடனே அவளுக்கு எதிரே இருந்த பையன் அதைப் பார்த்து நாக்கை நீட்டினான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. ஒரு நிமிஷத்தில் காது கேளாத ஏழில் ஆறு பிள்ளைகள், நாற்காலிக்காரர்கள் இரண்டு பேர், எல்லோரும் வந்த விருந்தாளியைச் சுற்றி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"என்ன டீச்சர் இது? ஒழுக்கம்னு ஒண்ணு சொல்லிக்குடுக்குறதில்லையா?"

"அது அவ பேர் சார்" என்றேன். "தம்பி வச்ச பேர். இங்க எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுறோம்."

"நீங்களுமா?"

"நானும்தான். காவலாளியும்தான்."

அவர் கோப்பைப் புரட்டினார். பெயர் என்ற இடத்தில் கோடு இருந்தது. அதன்மேல் நான் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன்: 'புருவத்தை உயர்த்தி, இருமுறை நாக்கை நீட்டவும்.' படித்தார். மறுபடி படித்தார். இதற்குள் அவள் திரும்பி இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது ஆள், இவர் யார் என்று.

அவர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். டையைச் சரிசெய்துகொண்டார். புருவத்தை உயர்த்தினார். பிறகு, மரியாதையாக, இரண்டு தடவை நாக்கை நீட்டினார்.

அவள் எழுந்து தம்பியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

இரண்டு கோப்பையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே கயிற்றால் கட்டினார்.